வரத்துக்கால் எங்கே போயிற்று? பழைய சர்வே படத்தைக் கேளுங்கள்

ஏரி நிரம்பவில்லை என்றால் முதலில் மழையைக் குறை சொல்கிறோம். அடுத்தபடியாக வண்டலைச் சொல்கிறோம். மனுக் கொடுத்து, தூர் வாரியும் விடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஏரி பாதிதான் நிரம்புகிறது. தண்ணீர் வரும் வழியை யாரும் பார்க்கவில்லை என்பதே காரணம்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். பேரூராட்சி அளவில் உள்ள சிறிய ஊர். அங்குள்ள ஏரி பல்லவர் காலத்தது. வைரமேகத் தடாகம் என்பது அதன் பழைய பெயர். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனிக்குழுவே குறிக்கப்பட்டிருக்கிறது. மேடைக்கு மேடை குடவோலையைப் பேசுகிறவர்கள் இந்த ஏரி வாரியத்தை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்! இந்த ஏரிக்குச் செய்யாற்றில் அனுமன்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வருகிறது. சுற்றுப்புறத்திலும் ஏரிக்கு ஏரி தொடர்பு உண்டு. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்த உபரி நீர் கீழேயுள்ள ஏரிக்குப் போகும். இந்தத் தொடர்பைக் கண்ணால் காட்டுவது சர்வே இலாகாவின் நிலப்படம்தான்.

செங்கற்பட்டுச் சீமையில் இந்த வேலை மிகப் பழையது. இந்திய சர்வே இலாகா தோன்றிய 1767-லேயே பார்னார்டு என்பவர் இங்குள்ள கிராமங்களை அளக்கத் தொடங்கி 1774-ல் முடித்தார். 1802-ல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தார். 1905-க்குப் பிறகு வண்ணப் படங்கள் வந்தன. அப்போது ஓர் அங்குலம் ஒரு மைலுக்குச் சமம். மெட்ரிக் முறை வந்தபின் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமமாயிற்று.

படிப்பது கடினமல்ல. தண்ணீர் நீலம், சாகுபடி நிலம் மஞ்சள், காடு பச்சை, மேடு பள்ளத்தைக் காட்டும் சமமட்டக் கோடுகள் பழுப்பு. ஏரிக்கரை, ஆற்றங்கரை ஓரமாக ஓர் எண்ணும் பக்கத்தில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அக்கம்பக்கத்துத் தரையைவிட அந்த இடம் எவ்வளவு உயரம் அல்லது ஆழம் என்று பொருள். மெல்லிய நீலக் கோடு ஒன்று மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு வந்தால் அதுவே நாம் தேடும் வழி. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் இருந்த கோடு புதியதில் இல்லாவிட்டால், அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் படம் பட்டா அல்ல. இரண்டு மீட்டர் அகல வாய்க்காலும் பத்து மீட்டர் அகல ஓடையும் இதில் ஏறக்குறைய ஒரே கோடுதான். அகலத்தையும் எல்லையையும் அறிய கிராமத்துப் புல வரைபடமும் ‘அ’ பதிவேடும் வேண்டும். நிலப்படம் வழியைக் காட்டும். சர்வே எண்ணைப் பதிவேடு சொல்லும். சமவெளியில் சமமட்டக் கோடுகள் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருப்பதால், வயலுக்கு வயல் உள்ள ஏற்றத்தாழ்வு அவற்றில் தெரியாது. அதற்கு அந்த வயலில் ஏர் ஓட்டிய பெரியவர்தான் சாட்சி.

படம் கிடைப்பதுதான் நெடுநாள் தொல்லையாக இருந்தது. கடலோரத்தை அடுத்த பகுதிகளின் படங்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெகுகாலம் பொதுமக்களுக்குத் தரப்படவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. புதிய படங்களைச் சர்வே இலாகாவின் இணையதளத்தில் பெறலாம். பழைய பதிப்புக்குத்தான் அலைச்சல். அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட நம் நாட்டுப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் யாருக்கும் இலவசமாகக் காட்டுகிறது. ஆனால் அவற்றில் ஓர் அங்குலம் சுமார் நான்கு மைல். சிறு வாய்க்கால் தெரியாது. நம் ஏரியின் படத்துக்கு அமெரிக்கா போக வேண்டியிருப்பது வெட்கக்கேடு அல்லவா? ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் அந்தத் தாலுகாவின் பழைய நிலப்படங்களை விவசாயி பார்க்கவும், நகல் எடுக்கவும் வசதி செய்ய வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை சென்று தேட, அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கு நேரமும் இல்லை, பஸ் செலவுக்கு வழியும் இல்லை.

வாய்க்கால் மறைந்ததற்கு வெளியூர் மனை வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆண்டுக்கு ஒரு முழம் வரப்பைத் தள்ளி வைத்தவர்கள் நம்மிலும் உண்டு. தலைமடைக்காரர் தள்ளிய வரப்பு கடைமடைக்காரரின் நாற்றைக் காயவைக்கிறது. ஆகவே, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஊருக்குள் பேசுங்கள். பேச்சில் தீராவிட்டால், சர்வே எண்களைக் குறித்து மனுக் கொடுங்கள். புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்துவந்த ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ‘வாய்க்காலைக் காணோம்’ என்று மொட்டையாக எழுதிய மனு கட்டோடு கட்டாகக் கிடக்கும். சர்வே எண் உள்ள மனுவுக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும்.

நடந்து பார்க்க ஆடி, ஆவணி மாதங்கள் ஏற்றவை. ஏரி வற்றியிருக்கும். கோடை மழை விட்டுப்போன தடமும் தரையில் தெரியும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அடைபட்ட இடத்தை வெட்டிவிட அவகாசம் இருக்கும்.