பூட்ஸுக்காகக் காலை வெட்டிக் கொள்வதா?

பொழுது சாய்ந்ததும் கம்போங் குவாந்தான் படகுத்துறையில் வெளியூர்க்காரர்கள் கூடி விடுகிறார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னி மின்னி அணைவதைப் பார்க்கப் படகேறிப் போகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். அதே நேரத்தில், அங்கிருந்து சற்றுத் தூரத்தில், தோட்டத்து வீட்டு வாசற்படியில் ஒரு தாய் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிசைந்து கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

சென்ற ஆண்டு அப்படி ஒரு வாசற்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். அவர் சொன்னது இது:

"தம்பி, பூட்ஸுக்குள்ள கல்லு கெடக்குற மாதிரியே இருக்கு. கழட்டி உதறிப் பாத்தா கல்லும் இல்ல, முள்ளும் இல்ல. மூணாவது வெரலுக்கும் நாலாவது வெரலுக்கும் நடுவுல தீ வச்ச மாதிரி காந்துது. கழட்டிப் போட்டு அமுக்கி விட்டா கொஞ்சம் கொறையுது. மறுபடி மாட்டுனா மறுபடி அதே கதை."

அந்த மாதத்தில் எட்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. எம்.சி. எடுக்கவில்லை, எட்டு நாள் சம்பளமும் போயிற்று. பார்வைக்குக் காயமில்லை, வீக்கமில்லை என்பதால், "நடிக்கிற" என்று மண்டோர் சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு வலியை விட அந்தச் சொல்தான் பெரிதாக வலித்தது.

தோழர்களே, அக்கா நடிக்கவில்லை. அந்த நோவுக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, பெரும்பாலும் வீட்டிலேயே தணிக்கும் வழியும் உண்டு. தெரிந்து கொள்வோம்.

நோவு எங்கே பிறக்கிறது?

நம் பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீண்ட எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. அந்த எலும்புகளுக்கு இடையே விரல்களுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. பாதம் பக்கவாட்டில் நெருக்கப்பட்டாலும், உடம்பின் பாரம் முழுவதும் விரலடி மேட்டில் இறங்கினாலும், நடுவிலிருக்கும் நரம்பு நசுங்கும். ஒரு நாள் நசுங்கினால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் நசுங்கினால் நரம்பைச் சுற்றியுள்ள சதை தடித்துப் போகும். தடித்தது மேலும் நசுங்கும், நசுங்கியது மேலும் தடிக்கும். காந்தலும், மரப்பும், கல்லை மிதித்தது போன்ற உணர்வும் அதனால்தான். மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில்தான் இது மிகுதியாக வரும்.

1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் தாமஸ் மோர்ட்டன் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் டாக்டர்கள் இதை மோர்ட்டன் நியூரோமா என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது புற்றுநோய்க் கட்டி அல்ல. பட்டணத்தில் இந்த நோவு குதிகால் உயர்ந்த, முனை குறுகிய சப்பாத்துப் போடும் பெண்களுக்கு வருகிறது. நமக்குக் குதிகால் உயர்ந்த சப்பாத்து ஏது? நமக்கு வேலையே அந்தச் சப்பாத்து!

எண்ணிப் பாருங்கள். உதிரிப் பழம் பொறுக்குகிறவர் குந்தும்போது குதிகால் மேலே எழும்பி விடுகிறது. விரலடி மேடுதான் பாரம் தாங்குகிறது. குலை வெட்டுகிறவர் நீளக் குழாயில் பூட்டிய அரிவாளோடு அண்ணாந்து எட்டி இழுக்கும்போதும் அதே கதைதான். காலில் இருப்பதோ அடி தட்டையான ரப்பர் பூட்ஸ்.

இன்னொன்றும் உண்டு. என் தாயார் பால் மரம் வெட்டியவர். சிறு வயதில் செருப்பில்லாமல் வளர்ந்தவர். வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் விசிறி போல் அகன்றிருக்கும். அந்த அகன்ற காலைக் குறுகலான பூட்ஸில் திணித்தால் என்ன ஆகும்? அந்த அக்காவுக்கு ஸ்டோரில் கொடுத்த பூட்ஸ், நீளம் சரிதான், அகலம் போதாது. "இந்த நம்பர்தான் இருக்கு, போட்டுக்கிட்டுப் போ" என்றார்களாம்.

1917இல் இந்தக் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாக வாணிப முறையில் செம்பனை நட்டார்கள். நூறாண்டு கடந்து விட்டது. மரத்தை அளந்தார்கள், நிரையை அளந்தார்கள், குலையை நிறுத்தார்கள். தொழிலாளியின் காலை அளந்து பூட்ஸ் கொடுக்க மட்டும் பல இடங்களில் இன்னும் ஆளில்லை!

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் வேலை அளப்பது. இந்தப் பத்திரிகைத் தாளே போதும். படித்து முடித்த பின் தரையில் விரியுங்கள். மாலையில், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், எழுந்து நின்று பாரத்தை ஊன்றி, பாதத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அதை வெட்டியெடுத்து உங்கள் பூட்ஸின் அடியில், வெளிப்பக்கமாக, வைத்துப் பாருங்கள். தாளின் ஓரம் அடியைத் தாண்டி வெளியே நின்றால், அந்தப் பூட்ஸ் உங்கள் காலைத் தினமும் நசுக்குகிறது என்று அர்த்தம். இரண்டு காலையும் அளங்கள். ஒன்று பெரிதாக இருந்தால் பெரிய காலுக்குத்தான் பூட்ஸ். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் தடித்த காலுறை போட்டால் நோவு கூடத்தான் செய்யும்.

இரண்டாவது, மெத்தை வைப்பது. இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். வலிக்கிற இடத்திற்கு நேர் கீழே பஞ்சு வைக்கிறோம். அது நரம்பை இன்னும் அழுத்தும். மெத்தை இருக்க வேண்டிய இடம் வலிக்கிற மேட்டுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. அங்கே தாங்கல் கொடுத்தால் முன் எலும்புகள் சற்று விரிந்து, நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, அதிகம் வலிக்கிற இடத்தில் பொட்டு வையுங்கள். பூட்ஸுக்குள் போடும் இன்சோலைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சிவப்புப் படிந்த இடத்துக்குப் பின்னால்தான் மெத்தையின் முன் ஓரம் வர வேண்டும். பழைய ஜப்பான் சிலிப்பரின் மெத்தென்ற பாகத்தைக் கோழி முட்டை வடிவில், அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி ஒட்டினால் போதும். மருந்துக் கடையில் செய்து வைத்ததும் கிடைக்கும். போட்டு வலி கூடினால் இடத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள். பூட்ஸ் அகலமாக இருந்தால்தான் இது உதவும். இறுக்கமான பூட்ஸில் மெத்தை வைப்பது நெரிசலில் இன்னொரு ஆளை ஏற்றுவது போல.

மூன்றாவது, குளிர்ச்சி. வேலை முடிந்து வந்ததும் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வலிக்கிற இடத்தில் வையுங்கள். வெறும் ஐஸ் தோலில் படக் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நான்காவது, கெண்டைக்கால் நரம்பை இளக்குவது. கெண்டைக்கால் இறுகினால் பாரம் முன்பாதத்துக்குத்தான் போகும். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். முப்பது எண்ணும் வரை நில்லுங்கள். காலையும் மாலையும் மும்மூன்று தடவை.

ஐந்தாவது, குந்தும் நேரத்தைக் குறைப்பது. வாரியால் பழத்தைக் கூட்டிச் சேர்த்துவிட்டுப் பிறகு அள்ளுங்கள். குந்தித்தான் ஆக வேண்டுமென்றால் சில நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, குதிகாலை ஊன்றி நில்லுங்கள். உடம்பு எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதும் காலுக்குச் செய்யும் உபகாரமே.

மாத்திரை வேண்டுமென்றால் பாரசித்தமோல், அளவோடு. மற்ற வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடும். இரத்த அழுத்தமோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

செய்யக் கூடாதது

எருக்கிலையைச் சுட்ட செங்கல்லில் வைத்து மிதிப்பது நம் பாட்டிமார் குதிகால் வலிக்குச் செய்த வைத்தியம். மரத்துப் போன காலுக்கு அது ஆபத்து. சூடு தெரியாமல் கால் வெந்து போகும். காய்ப்பைப் பிளேடால் சீவுவதும் வேண்டாம். கோடாலித் தைலம் தடவலாம், தப்பில்லை. ஆனால் தைலம் பூட்ஸை அகலமாக்காது!

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். சந்தையில், "மூட்டு வலி, நரம்பு வலி எல்லாம் ஒரே நாளில் பறந்துடும்" என்று விற்கும் பெயர் தெரியாத மாத்திரையையும் ஜாமுவையும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றது இந்நாட்டில் பல முறை பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் வலி பறப்பது அதனால்தான். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

இது வேறு நோயாகவும் இருக்கலாம்

ஒரு காலில், இரண்டு விரலுக்கு நடுவில், பூட்ஸ் போட்டால் கூடி, கழற்றினால் குறைந்தால், அது பெரும்பாலும் நாம் பேசும் நசுங்கிய நரம்பு. இரண்டு காலும் எரிகிறதா? இரவில் படுத்தால் கூடுகிறதா? சிலிப்பர் கழன்று விழுந்தது கூடத் தெரியவில்லையா? அப்படியானால் பூட்ஸைக் குறை சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். உடனே இனிப்பு நீரைச் சோதியுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் மேலே சொன்ன ஐஸையும் மெத்தையையும் டாக்டரிடம் காட்டாமல் செய்யக் கூடாது. உணர்ச்சியற்ற காலில் சிறு புண் வந்தாலும் அது விரலைக் கேட்கும். பிறகு காலையே கேட்கும்.

மேல் பாதம் வீங்கி ஊன்ற முடியாவிட்டால் எலும்பில் விரிசல் இருக்கலாம். கட்டை விரல் அடி சிவந்து தொட முடியாமல் வலித்தால் கௌட்டாக இருக்கலாம். இவற்றுக்கும், வீட்டு வைத்தியத்தில் இரண்டு வாரம் ஆகியும் தணியாத வலிக்கும், கிளினிக்தான் வழி. அரசாங்கக் கிளினிக்கில் நமக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார், ஊசி போடுவார். எதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் ஆபரேஷன்; அதற்குப் பின் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் மரப்பு நிலைத்து விடலாம்.

உரிமையையும் மறக்க வேண்டாம்

வலியோடு வீட்டில் படுத்துக் கொண்டால் அது லீவு ஆகாது, வராத நாள்தான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. தோட்டம் நியமித்த டாக்டரிடம் காட்டி எம்.சி. வாங்குங்கள், அவர் எட்டாத தூரத்தில் இருந்தால் வேறு டாக்டரிடம் வாங்கலாம். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்து விடுங்கள். அந்த அக்கா இழந்த எட்டு நாள் சம்பளம் இந்த ஒன்று தெரியாமல் இழந்ததே.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அச்சட்டப்படி பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. கொடுக்கும் பூட்ஸ் காலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல. வெட்டிய தாளை எடுத்துக் கொண்டு போய்க் கிராணியின் மேசையில் வையுங்கள். "இதுதான் என் காலு, இதுக்கு பூட்ஸ் குடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேர் பத்துத் தாளோடு போங்கள். பக்கத்து நிரையில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பியையும் இந்தோனேசியத் தம்பியையும் கூட்டிக் கொள்ளுங்கள். அவர்களுக்கும் நரம்பு அதே இடத்தில்தான் ஓடுகிறது.

அக்காவின் கதையை முடிக்கிறேன். தாளை வெட்டினோம், இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் வெளியே நின்றது. அகலமான பூட்ஸ் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. சிலிப்பர் மெத்தையை அவரே சீவி ஒட்டினார். வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். "முன்ன மாதிரி காந்தல தம்பி. இப்பல்லாம் மத்தியானம் வரைக்கும் கால் இருக்குறதே மறந்து போவுது" என்றார்.

செருப்புக்காகக் காலை வெட்டிக் கொள்வதா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். அதை இன்று நாம் கேட்போம், கையில் தாளோடு!