பிள்ளை பார்க்கும் அக்காவுக்கும் ஒரு துணை வேண்டும்

உழைக்கும் பெண்களின் முன்னேற்றம் பற்றி மேடையில் முழங்காத கட்சி இல்லை. ஆனால் அந்தப் பெண் காலையில் வேலைக்குப் புறப்படும்போது, இடுப்பில் இருக்கும் பிள்ளையை எங்கே இறக்கிவிட்டுப் போவாள் என்று கேட்கும் கட்சியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பதில் நமக்குத் தெரியும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் அந்தாப் ஹில்லிலும் செம்பூரிலும் நம் தாய்மார்கள் வீட்டு வேலைக்கும், இட்லி வியாபாரத்துக்கும், தையல் பட்டறைக்கும் போகிறார்கள். பிள்ளை அடுத்த சந்தில் ஓர் அக்கா வீட்டில் இருக்கிறது. மராத்திக்காரர்கள் அதைப் பாளணாகர் என்கிறார்கள். நாம் பிள்ளை பார்க்கிற வீடு என்கிறோம். ஒரே அறை, ஒரு தொட்டில், ஒரு ஸ்டவ், ஆறேழு பிள்ளைகள். பத்து வருஷம், இருபது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் வளர்த்த பெண்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதே வீட்டில் விடுகிறார்கள். அந்த வாசலில் பெயர்ப்பலகை இல்லை; சர்க்கார் ஏட்டிலும் அந்தப் பெயர் இல்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் முதலில் 33 இடங்களில் வந்தது. அவற்றில் நம் தாராவியும் ஒன்று. ஆனால் அங்கன்வாடி சில மணி நேரமே நடக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்துணவு கிடைக்கும். நாள் முழுக்க இருக்க இடம் கிடைக்காது. குழந்தைக் காப்பகங்களுக்கென்று 2006-இல் ஒரு திட்டம் வந்தது. 2017-இல் அதற்குப் பெயர் மாறியது. 2022-இல் மறுபடி மாறி ‘பால்னா’ ஆனது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஐந்து வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு எந்த முதலாளி காப்பகம் வைப்பான்?

ஆக, சட்டமும் திட்டமும் விட்ட இடத்தை இத்தனை காலமாக நிரப்பி வருபவர் அந்த அக்காதான். பலகை மாட்டிய காப்பகத்துக்கு மேற்பார்வையாளர் வருவார். அங்கன்வாடி சேவிகைக்குப் பயிற்சி உண்டு. இந்த அக்கா வீட்டுப் படியேறி, “எப்படியம்மா இருக்கிறீர்கள், என்ன தேவை?” என்று கேட்க ஒருவரும் இல்லை.

“இருபது வருஷம் பிள்ளை வளர்த்தவளுக்கு யார் வந்து என்ன சொல்லிக் கொடுப்பது?” என்று சிலர் கேட்கக்கூடும். ரயில்வேயைப் பாருங்கள். இருபது வருஷம் எஞ்சின் ஓட்டிய டிரைவருடனும் லோகோ இன்ஸ்பெக்டர் ஏறி உடன் பயணம் செய்கிறார். குறித்த காலத்தில் அந்த டிரைவர் மறுபயிற்சிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் போக வேண்டும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதாலா? இல்லை. பாதை மாறுகிறது, எஞ்சின் மாறுகிறது, விதி மாறுகிறது. அவரை நம்பி ஆயிரம் உயிர் இருக்கிறது. அக்காவை நம்பியும் உயிர்கள்தான் இருக்கின்றன.

பிள்ளை வளர்ப்பிலும் விதி மாறிக்கொண்டுதான் இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்திவிடும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே இரு, 14 நாள் ஜிங்க் மருந்தும் கொடு என்பது இன்றைய வைத்தியம். இருமலுக்கு ஒரு மூடி சிரப் ஊற்றித் தூங்க வைப்பதும் பழைய பழக்கமே. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவித்தது. அந்த அறிவிப்பு டாக்டருக்குப் போனது, பத்திரிகைக்குப் போனது. அலமாரியில் பாட்டில் வைத்திருக்கும் அக்காவிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

2022-இல் கோவண்டியில் தொடங்கி இந்த நகரில் தட்டம்மை பரவி, பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். தடுப்பூசி ஒன்பது மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. எந்தப் பிள்ளை ஊருக்குப் போய் ஊசி தவறவிட்டது என்பது ஹெல்த் போஸ்ட்டுக்குத் தெரிவதற்கு முன் அக்காவுக்குத் தெரியும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, எடை ஏறாத பிள்ளை — இவற்றையும் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் அவரே. ஆனால் யாரிடம் சொல்வார்? தாயிடம் சொன்னால் மனம் புண்படும். பிள்ளையை வேறிடம் மாற்றினாலும் மாற்றிவிடுவாள். கூட நின்று எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், அந்தப் பிள்ளை ஒரு வருஷம் முன்னதாக டாக்டரைப் பார்க்கும்.

பிரான்ஸ் நாட்டில் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்களின் வேலையை 1977-இல் சட்டம் போட்டு ஒரு தொழிலாக ஏற்றார்கள். தாய்-சேய் நலத் துறை அவர்களுக்கு அனுமதி தருகிறது, பயிற்சி தருகிறது. குழந்தை வளர்ப்பில் தேர்ந்த செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். ஐந்து வருஷத்துக்கொருமுறை அனுமதி புதுப்பிக்க வேண்டும். பழைய கை என்று யாரையும் விட்டுவிடுவதில்லை. 1989 முதல் இவர்களுக்கென்றே தனியாக நிலையங்களும் வந்தன. பிள்ளைகளோடு அங்கே போகலாம். மற்றவர்களுடன் கூடிப் பேசலாம். சம்பளம், ஒப்பந்தம் பற்றி ஆலோசனை கேட்கலாம். அனுமதி கொடுக்கும் கை வேறு, துணை நிற்கும் கை வேறு.

இந்த வேறுபாடுதான் நமக்கு முக்கியம். சர்க்கார் ஆள் வருகிறார் என்றாலே நம் சந்துகளில் கதவு சாத்தப்படுகிறது. அறை சிறிது என்பார், வீட்டில் தொழில் நடத்தலாமா என்பார், கடைசியில் கையை நீட்டுவார் என்ற பயம். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே தெளிவாகச் சொல்கிறோம்: வருகிறவர் கையில் எடை பார்க்கும் தராசு இருக்கட்டும், ரசீதுப் புத்தகம் இருக்கக் கூடாது.

நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: ஹெல்த் போஸ்ட் ஆரோக்கிய சேவிகை மாதம் ஒருமுறை பிள்ளை பார்க்கும் வீடுகளுக்கும் வர வேண்டும், எடை, ஊசி அட்டை பார்த்து, அக்காவின் கேள்விகளைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு: சோட்டா சயான் போன்ற நகர்நல மையங்களில் ஆண்டுக்கு இரு முறை இவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், அன்றைய கூலியும் தர வேண்டும். பயிற்சி தமிழிலும் இருக்க வேண்டும்.

மூன்று: விரும்புகிறவர்கள் பெயரைப் பதிந்துகொள்ள ஓர் ஏடு வேண்டும். பதிவு செய்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடிச் சத்துணவு அங்கேயே சேர வேண்டும்.

நான்கு: தாராவி மறுசீரமைப்பில் எழும் கட்டிடங்களில் பிள்ளை பார்க்க அறை ஒதுக்க வேண்டும். குடும்பம் ஓரிடமும் அக்கா ஓரிடமுமாகச் சிதறினால், அன்றே ஒரு தாயின் வேலையும் போகும்.

சர்க்காரிடம் கேட்பதோடு நம் கடமை தீராது. அக்காவுக்குக் கொடுக்கும் பணத்தை மாதம் பிறந்ததும் கொடுங்கள். அவர் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளைக்குக் கூலி பிடிக்காதீர்கள். உங்கள் எஜமானி பிடித்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், இன்று எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் சங்கக் கிளைகள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையைப் பிள்ளை பார்க்கும் தாய்மார்களுக்கென்று ஒதுக்க வேண்டும். இருபது வருஷம் பார்த்த ஆச்சி, நேற்றுத் தொடங்கிய தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஆச்சிக்குச் சொல்ல வேண்டியதை நர்ஸம்மா வந்து சொல்லட்டும்.

தோழர்களே, நம் பெண்கள் கட்டிடங்களில் துடைக்கும் தரை இந்நகருக்குத் தெரிகிறது. அவர்களை நிம்மதியாக வேலைக்கு அனுப்பும் அந்த ஒற்றை அறை தெரியவில்லை. தெரிய வைப்போம். வார்டு ஆபீசுக்கு மனு தயாராகிறது; ஒவ்வொரு தெருவிலும் பிள்ளை பார்க்கும் வீடு எத்தனை என்று கணக்கெடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அந்த அக்காமார்கள் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே மனு போகும்.