பொட்டலத்திற்கு முன் புல்

கால்நடை வளர்ப்போர் கூடும் இடங்களில் இப்போது 'புரோபயோட்டிக்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகின்றது. நன்மை தரும் நுண்ணங்கிகளை உயிருடன் உலர்த்திப் பொட்டலமாக்கி, அதை நாளாந்தம் தீனில் கலந்து கொடுத்தால் மாடு நன்றாக உண்ணும், விரைவில் நிறை கூடும், நோய் குறையும் என்று சொல்லப்படுகின்றது. இதை வாங்குவதா, விடுவதா? நாம் இது பற்றி வாசித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

இறைச்சிக்காக மாடு வளர்ப்பது பற்றி எழுதுவது எம்மிடையே சிலருக்கு உவப்பாக இராது. அவர்களுடைய உணர்வை நாம் மதிக்கின்றோம். ஆனால் பால் மாடு உள்ள இடத்தில் நாம்பன் கன்றும் பிறக்கின்றது. அதை விற்று வரும் பணமே பல வீடுகளில் பிள்ளையின் படிப்புச் செலவாகவும் விதைநெல்லாகவும் மாறுகின்றது. ஆகவே அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பொட்டலத்திற்குக் கொடுக்குமாறு யாரேனும் கேட்டால், அதன் பயனைச் சரியாக நிறுத்துப் பார்ப்பது எமது கடமையாகும்.

வயிற்றினுள் ஓர் உலகம்

மாடு புல்லை உண்கின்றது என்று சொல்கின்றோம். உண்மையில் புல்லைச் சமிக்கச் செய்வது மாடு அல்ல. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளே. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பை நூறு லீற்றருக்கு மேல் கொள்ளக்கூடியது. அதிலுள்ள பற்றீரியா, புரட்டோசோவா, பங்கசு ஆகியவை நார்ப்பொருளை உடைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி அந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கின்றது. நுண்ணங்கிகள் பின்னர் குடலுக்குச் சென்று தாமே சமிபாடடைந்து மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே மாட்டுக்குத் தீன் போடுபவர் முதலில் இந்த நுண்ணங்கிகளுக்கே தீன் போடுகின்றார்.

இங்கே ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். இரைப்பைத் திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் கோடி அளவில் பற்றீரியாக்கள் உண்டு. பொட்டலத்தின்மேல் 'நாளொன்றுக்கு ஆயிரம் கோடி உயிருள்ள நுண்ணங்கிகள்' என்று எழுதியிருந்தால், அந்த எண்ணிக்கை எமக்கு மலைப்பைத் தரும். ஆனால் அது மாட்டின் வயிற்றில் ஏற்கனவே உள்ள ஒரே ஒரு மில்லிலீற்றருக்குத்தான் சமம். நூறு லீற்றர் என்பது ஓர் இலட்சம் மில்லிலீற்றர். அப்படியானால் நாம் புதிதாகச் சேர்ப்பது இலட்சத்தில் ஒரு பங்கே.

இதனால் பொட்டலம் வீண் என்று முடிவு செய்துவிட முடியாது. சிறிய எண்ணிக்கையும் சில வேளைகளில் பெரிய வேலையைச் செய்யும். எந்த வேளையில் செய்யும் என்பதே கேள்வி.

எங்கே பயன் கண்டார்கள்?

ஐக்கிய அமெரிக்காவில் இறைச்சி மாடுகளைக் கடைசி மாதங்களில் பெரும் அடைப்புகளில் வைத்துச் சோளம் போன்ற தானியங்களை மிகுதியாகக் கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். மாப்பொருள் திடீரென மிகுந்தால், முதல் இரைப்பையில் இலக்ரிக் அமிலம் பெருகுகின்றது. நார்ப்பொருளை உடைக்கும் பற்றீரியாக்கள் அந்த அமிலத்தில் நலிகின்றன. மாடு தீனை மறுக்கின்றது. சிலவற்றின் ஈரலில் சீழ்க்கட்டிகள் உண்டாகின்றன. இத்தகைய இடத்தில் மதுவம் என்னும் ஈஸ்ட் உதவக்கூடியது. அது இரைப்பையினுள் புகும் சிறிதளவு ஒட்சிசனை உறிஞ்சிக்கொள்வதுடன், இலக்ரிக் அமிலத்தை உண்ணும் பற்றீரியாக்களுக்கும் ஊக்கம் கொடுக்கின்றது. ஆனால் மதுவம் இரைப்பையில் குடியேறி நிலைப்பதில்லை. ஆகவே நாள்தோறும் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது பயன் மனிதரின் உடல்நலம் சார்ந்தது. 1993 இல் ஐக்கிய அமெரிக்காவில், சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சி மூலம் 'ஈ. கோலை ஓ157' என்ற பற்றீரியா பரவி எழுநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு சிறுவர்கள் இறந்தனர். அந்தப் பற்றீரியா மாட்டைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. மாட்டின் குடலில் இருந்து சாணத்துடன் வெளியேறி இறைச்சியை மாசுபடுத்துகின்றது. இலக்ரோபசிலசு வகையொன்றைத் தீனில் கலந்து கொடுத்தபோது இந்தப் பற்றீரியாவைச் சாணத்துடன் வெளியேற்றும் மாடுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

மூன்றாவது காரணம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். நோயில்லாத விலங்குகளுக்கும் வளர்ச்சிக்காக அவற்றைச் சிறு அளவில் தீனில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகி மனிதருக்கும் ஆபத்து நேரும் என்பதை உணர்ந்து சுவீடன் 1986 இல் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடுத்தது. ஐக்கிய அமெரிக்கா, மனித மருத்துவத்திற்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை 2017 ஜனவரி 1 உடன் முடிவுக்குக் கொண்டு வந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே புரோபயோட்டிக் பொருட்களின் சந்தை விரிந்தது. மருந்துக்குப் பதிலாக நன்மை தரும் நுண்ணங்கி என்ற நோக்கத்தை நாமும் வரவேற்கின்றோம்.

ஆனால் இந்த மூன்று பயன்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தானியம் மிகுந்த தீன், நெருக்கமான அடைப்பு, பெருந்தொகையான மாடுகள் என்பனவே அங்குள்ள நிலைமை. அங்கு தோன்றிய தொல்லைகளுக்கே அந்த மருந்து. எமது பட்டி மாட்டுக்கு மாப்பொருள் மிகுந்து அமிலம் பெருகும் தொல்லை எங்கே இருக்கின்றது? அதன் தொல்லை பசியல்லவா?

ஹவாய் ஆடுகள் தந்த பாடம்

இறைச்சி மாடுகளில் நுண்ணங்கியைப் புகுத்தி நன்மை பெற்ற ஒரு வரலாறு எமக்கு மிக நெருக்கமானது. அதுவே இப்பில் இப்பில் மரத்தின் கதை.

வேகமாக வளரும் இந்த மரத்தைக் கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டோர் ஒரு காலத்தில் பல நாடுகளில் ஆர்வத்துடன் நட்டார்கள். எமது நாட்டிலும் நட்டார்கள். தழையில் புரதம் மிகுதி. ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. அளவுக்கு மிஞ்சி உண்ட மாடுகளுக்கு மயிர் கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும், நிறை குறையும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இது பெரும் தடையாக இருந்தது. ஆனால் ஹவாய்த் தீவுகளின் ஆடுகள் அதே தழையைத் தீங்கின்றி உண்டன. அவற்றின் இரைப்பையில் நஞ்சை உடைக்கும் நுண்ணங்கி இருக்கலாம் என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கருதினார். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் இரைப்பைத் திரவத்திலிருந்து பெற்றதை அவுஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டிப் பார்த்தபோது நஞ்சின் வேகம் அடங்கியது. அதுவரை அறியப்படாத ஒரு பற்றீரியா கண்டறியப்பட்டு, 1992 இல் அவருடைய பெயரையும் இணைத்து 'சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை' எனப் பெயரிடப்பட்டது.

இந்த நுண்ணங்கி மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தாலே ஏனையவற்றுக்கும் பரவக்கூடியது. நாள்தோறும் பொட்டலம் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. இந்தத் தழையை உண்ணும் மாடுகளின் ஈரலும் நஞ்சை அடக்குவதில் பங்கு கொள்கின்றது எனப் பின்னாளைய ஆய்வுகள் கூறுகின்றன. எனவே பெருமை முழுவதும் நுண்ணங்கிக்கே உரியது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இதன் பாடம் தெளிவானது. இங்கே குறிப்பிட்ட ஒரு குறை இருந்தது. அதைத் தீர்க்கும் குறிப்பிட்ட ஒரு நுண்ணங்கியைத் தேடினார்கள். அதற்கு முன்பே மாட்டின் வாய்க்குத் தழை எட்டியிருந்தது. 'எல்லாவற்றுக்கும் நல்லது' என்று விற்கப்படும் பொட்டலத்தில் இவற்றுள் எதுவும் இல்லை.

எமது மாடுகளின் பசி

கோடையில் எமது மாடுகளின் வாய்க்கு எட்டுவது பெரும்பாலும் காய்ந்த புல்லும் வைக்கோலுமே. முதல் இரைப்பையின் நுண்ணங்கிகள் ஒழுங்காக வேலை செய்யத் தீனில் ஏறக்குறைய 7 வீதம் புரதம் வேண்டும். நெல் வைக்கோலில் உள்ளதோ சுமார் 4 வீதம். உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் பட்டினியில் வாடும்போது, வெளியிலிருந்து இன்னும் சில கோடியை அனுப்புவது, பந்தியில் சோறில்லாத வீட்டுக்கு மேலும் விருந்தாளிகளை அழைப்பது போன்றதே.

இதற்கு வழி உண்டு. 1980களில் இலங்கையிலேயே வைக்கோலைப் பதப்படுத்தும் முறை பரவலாக ஆராயப்பட்டுக் கமக்காரரிடம் கொண்டு செல்லப்பட்டது. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் நன்கு கரைத்து, 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை வைத்தால் வைக்கோல் மென்மையாகும். அதன் நைதரசன் அளவும் கூடும். மாடு கூடுதலாக உண்ணும். திறந்தபின் சிறிது நேரம் காற்றாட விட்டுக் கொடுக்கவேண்டும். கரையாத யூரியாவை மாடு நக்கினால் உயிராபத்து. இளங்கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது யூரியா கிடைக்காமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யூரியா கிடைக்காதபோது வேலியோரத்துச் சீமைக்கிளுவைத் தழையும், ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்கும் வைக்கோலுடன் சேர்ந்தால் அதே பசியை ஓரளவு ஆற்றும்.

தீனுக்கும் மேலாக நிலம் இருக்கின்றது. கிழக்கில் வேளாண்மைக் காலத்தில் வயலோரங்களில் இருந்து பட்டிகள் மேய்ச்சல் தரைக்கு ஓட்டிச் செல்லப்பட வேண்டும். அந்தத் தரையே கையைவிட்டுப் போனால் மாடு எங்கே போகும்? மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய போராட்டம் இந்தக் கேள்வியையே நாட்டின் முன் வைத்தது. மேய்ச்சல் தரை இழந்த பட்டிக்கு எந்தப் பொட்டலமும் ஈடாகாது. கால்நடை அபிவிருத்தி பற்றிப் பேசுவோர் முதலில் பேசவேண்டியது இதைத்தான்.

வாங்குவோர் கேட்கவேண்டியவை

இவ்வளவும் சொல்லியபின், ஒருவரும் பொட்டலத்தைத் தொடக் கூடாது என்று நாம் கூறவில்லை. பிறந்த கன்றின் முதல் இரைப்பை இன்னும் விருத்தியடையாத காலத்தில், கழிச்சலைக் குறைக்க இலக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் உதவுகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அங்கும் முதல் ஆறு மணித்தியாலத்திற்குள் கன்றுக்குக் கடும்புப்பால் ஊட்டுவதே முதல் மருந்து. தவிடும் சோளமும் மிகுதியாகக் கொடுத்து நாம்பன்களைக் கொழுக்க வைப்போருக்கு மதுவம் பயன்படலாம். அவர்களும் தானியத்தை இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டினால் தொல்லையின் பெரும்பகுதி வராமலே போகும்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001 இல் புரோபயோட்டிக்குக்கு வகுத்த வரைவிலக்கணத்தின்படி, நுண்ணங்கி உயிருடன் இருக்கவேண்டும், போதிய அளவில் கொடுக்கப்பட வேண்டும், நன்மை தரவேண்டும். வாங்குவோர் இதையே கேள்வியாக்கலாம். எந்த நுண்ணங்கி, எத்தனை, எத்திகதி வரை உயிருடன் இருக்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கின்றதா? தகரக் கூரையின் கீழ் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த பொட்டலத்தில் உயிர் எஞ்சியிருக்குமா? எந்த நன்மை, எத்தகைய தீன் உண்ணும் மாட்டில் காணப்பட்டது? இவற்றுக்குப் பதில் இல்லையெனில், அது விலை கூடிய மாவு மட்டுமே.

கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக வாங்குமுன் தாமே பரீட்சித்துப் பார்க்கலாம். வயதும் உடலும் ஒத்த பத்து நாம்பன்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒரே தீன் கொடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் பொட்டலத்தைச் சேர்த்து மூன்று மாதம் பாருங்கள். தராசு இல்லாவிடினும் நாடா போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் நிறை கிலோவில் ஏறத்தாழ வரும். சுற்றளவு 150, நீளம் 120 எனில் நிறை சுமார் 249 கிலோ. ஐந்து மாடுகளில் தோன்றும் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆதலால் அயலிலுள்ள சங்கங்களும் இதைச் செய்து கணக்கை ஒன்றுசேர்ப்பது நல்லது. நாளொன்றுக்கு 30 ரூபா செலவென வைத்தால் 90 நாளில் ஒரு மாட்டுக்கு 2,700 ரூபா ஆகும். மேலதிகமாக ஏறிய நிறை அந்தத் தொகையை மீட்டுத் தருகின்றதா என்பதே இறுதித் தீர்ப்பு.

கெடுதல் இல்லைத்தானே, கொடுத்துப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பர். மாட்டுக்குக் கெடுதல் இல்லாதிருக்கலாம், வீட்டுக்கு உண்டு. அந்த 2,700 ரூபாவில் வாங்கக்கூடிய புண்ணாக்கும் தாதுப்பும் கிடைக்காமல் போவது ஒரு கெடுதல். பொட்டலம் போட்டாயிற்று என்ற நிம்மதியில் தண்ணீர்த் தொட்டியும் வைக்கோற் போரும் கவனிப்பாரற்றுப் போவது அதைவிடப் பெரிய கெடுதல்.

கால்நடைத் திணைக்கள அதிகாரிகளுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் எமது வேண்டுகோள் இதுவே. சந்தைக்கு வரும் பொருட்களின் பரீட்சை முடிவுகளைக் கிராமத்தவர் விளங்கும் தமிழில் வெளியிடுங்கள். பதப்படுத்திய வைக்கோலையும் தழைமர வேலியையும் மீண்டும் கிராமத்திற்குக் கொண்டு வாருங்கள். மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, சட்டப்படி காத்துத் தாருங்கள். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணங்கிகள் கூலி கேளாமல் உழைப்பவை. அவற்றுக்கு நாம் முதலில் கொடுக்கவேண்டியது புல்லும் நீருமே.