நர்சம்மாவை நாம் நடத்திய விதம்

பிரசவத்தில் தாய்மார் இறப்பது தமிழ்நாட்டில் குறைவு என்று பெருமைப்படுகிறோம். 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவு ஆய்வின்படி, 1 லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. மேடையில் இதைச் சொன்னோம், பத்திரிகையில் எழுதினோம். நாள் தள்ளிப்போன பெண்ணை வீடு தேடிப் போய்ப் பதிவுசெய்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, விழுங்கினாளா என்று மறுபடியும் போய்ப் பார்த்த கிராம சுகாதார செவிலியரை மறந்தோம். அவருடைய பாடு எப்படியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையத்துக்கான அளவு. அங்கே பெரும்பாலும் எல்லாப் பொறுப்பும் இந்தச் செவிலியருடையது. புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாட்களில் கர்ப்பிணிகள், குழந்தை பெற்றவர்கள், குடும்பநலம், காய்ச்சல் கணக்கெடுப்பு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்கள். பதிவேட்டில் எழுதியதையே கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையதளத்திலும் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிக்கான ஆர்.சி.எச். பதிவு எண் தாமதமானால் அவரிடம்தான் சண்டைக்குப் போனோம். சிக்னல் கிடைக்காத ஊரில் எந்நேரம் வரை விழித்திருந்து அதை ஏற்றுகிறார் என்று யோசிக்கவில்லை.

ஊரிலேயே தங்கச் சொன்னோம். தங்குமிடத்தின் கூரை ஒழுகியபோதும் கழிப்பறையில் தண்ணீர் வராதபோதும் ‘அரசாங்கக் கட்டடம்’ என்று ஒதுங்கிக்கொண்டோம். ராத்திரியில் கதவைத் தட்டி எழுப்பினோம். காலையில் நேரத்துக்கு வரவில்லை என்று புகாரும் சொன்னோம். தனியே நடந்து வந்தவரிடம் குடித்துவிட்டு வம்பு செய்தவனை ‘நம்ம ஊர்ப் பையன்’ என்று விட்டுவிட்டோம்.

நம்மில் மருத்துவர்களாகவும் அதிகாரிகளாகவும் இருப்பவர்களின் பங்கு இன்னும் பெரிது. ஒரு தாய் இறந்தால் நடக்கும் தணிக்கை, எங்கே பிசகியது என்று அறிவதற்காக. வாகனம் வரத் தாமதம், ரத்தம் கிடைக்காதது, பெரிய ஆஸ்பத்திரிக்கு வீட்டார் சம்மதிக்காதது என்று காரணங்கள் பல. ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டு வாங்கியவர் பல நேரம் செவிலியர்தான். பயந்தவர் நடந்ததை நடந்தபடி எழுத மாட்டார். அப்படி அவரைப் பயமுறுத்தி, அடுத்த தாயைக் காப்பாற்றும் வழியையும் நாமே அடைத்தோம்.

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 22 அன்று, மருத்துவப் பணியாளர்களுக்காக வாசலில் நின்று கைதட்டினோம். பிறகு காய்ச்சல் விசாரிக்க வந்தவர்களை அதே வாசலில் விரட்டியவர்களும் நம்மில் இருந்தார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தஅழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. அதைக் கொண்டுவரும் பெண்ணுக்கு ஊக்கத்தொகை மட்டுமே, பணி நிரந்தரமில்லை என்பது நம்மை உறுத்தவில்லை. சேவை மனப்பான்மை என்று புகழ்ந்தே அவர்களுடைய கூலியையும் ஓய்வையும் பேசாமல் விட்டோம்.

கிராமசபை மே 1 அன்றும் கூடுகிறது. உழைப்பாளர் தினத்தில் கூடும் அந்தச் சபையில் சாலையையும் விளக்கையும் பேசிய நாம் இவர்களைப் பேசவில்லை. வரும் சபையிலேயே பேசுவோம். காலிப் பணியிடத்தை நிரப்பவும், விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் போடவும், தங்குமிடத்தைச் செப்பனிடவும், இரவில் அழைத்தால் வண்டி ஏற்பாடு செய்யவும் தீர்மானம் போடுவோம். செவிலியரிடம் வம்பு செய்பவன் யார் வீட்டுப் பிள்ளையானாலும் புகார் கொடுப்போம். நம் வீட்டுத் தாய்மார் உயிரோடு இருப்பதற்கு உழைத்தவர்களுக்கு இவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.