பூச்சின் வெற்றியா, தகட்டின் தடிமனா?

நீர்க்கரைசலில் இயங்கும் துத்தநாக மின்கலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் மிக மலிவாகிவிட்ட சொல் 'நிலைத்தன்மை'. மின்முனைமீது புதிய பாதுகாப்புப் பூச்சு ஒன்று ஏறுகிறது; கலம் ஆயிரக்கணக்கான மணிநேரம் இயங்கியதாக வரைபடம் காட்டுகிறது; தலைப்பிலேயே வெற்றி முழங்குகிறது. எந்த நிபந்தனையில் என்பது மட்டும் பின்னிணைப்பில் ஒளிந்துகொள்கிறது.

பூச்சின் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. மின்னேற்றத்தின்போது துத்தநாகம் சமமாகப் படியாமல் கிளைகிளையாக வளர்ந்து எதிர் முனையைத் தொடுகிறது. நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது, அரிக்கப்படுகிறது. கால்சியம் கார்பனேட், டைட்டானியம் டையாக்சைடு, பாலிஅமைடு முதலிய பூச்சுகள் இக்கேடுகளைத் தணிப்பதும் உண்மையே.

ஆனால் கணக்கு வேறொன்று சொல்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் துத்தநாகத்தின் கொள்திறன் 5,855 மில்லிஆம்பியர்-மணி. எனவே 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தகட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 58.5 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் எடுத்து மீண்டும் வைக்கும் சோதனையில் புழங்குவது 1.7 விழுக்காடு. எஞ்சிய 98 விழுக்காடு, ஒவ்வொரு சுற்றின் இழப்பையும் ஓசையின்றி ஈடுகட்டும் கிடங்கு. கலத்தைக் காத்தது பூச்சா, கிடங்கா என்று அந்த வரைபடத்தால் சொல்ல இயலாது. கிராமுக்கு 820 என்று முன்னுரையில் புகழப்படும் கொள்திறனும் இங்கே 14 ஆகச் சுருங்கிவிடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. கலத்தினுள் மெல்லிய குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் மின்னழுத்தக் கோடு அமைதியாகவே நீளக்கூடும். செத்த கலம் நீடித்த கலமாக எண்ணப்படுகிறது.

பூச்சு செயல்படும் விதத்தை அறியவே இச்சோதனைகள் என்பர் சிலர். அறியட்டும்; அதற்குச் 'செயல்முறை ஆய்வு' என்ற பெயர் போதும். 'நிலைத்தன்மை' என்ற சொல் பயன்பாட்டைக் குறித்துத் தரப்படும் வாக்குறுதி.

இந்தியாவுக்கு அந்த வாக்குறுதி வேடிக்கையன்று. லித்தியம் கலங்களுக்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கும் நாடு இது. துத்தநாகமோ ராஜஸ்தானின் சுரங்கங்களிலேயே கிடைக்கிறது. நீர்க்கரைசல் தீப்பற்றாது. பகலில் விளையும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க இவ்வழி உதவக்கூடும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு, ஊதிப் பெருக்கிய எண்களால் திசைமாறினால் இழப்பு இதழ்களுக்கன்று, மக்களுக்கு.

ஆகவே மூன்று விவரங்கள் சுருக்கவுரையிலேயே இடம்பெற வேண்டும்: தகட்டின் தடிமன், துத்தநாகத்தில் பயன்பட்ட விழுக்காடு, மெல்லிய தகட்டோடு அமைத்த முழுக்கலத்தின் ஆயுள். இவை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவது மதிப்பீட்டாளரின் கடமை.