ஒரே ஓட்டையை நம்பலாமா?

புது .22 துப்பாக்கி வாங்கியவர், முதல் குண்டே நடுவில் பட்டுவிட்டால் "அட, துல்லியம்!" என்கிறார். ஒரே பதிவை வைத்துக் கணக்கை முடிக்கலாமா?

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குத் தராசின் குணங்களைச் சொல்லித் தந்தார்கள். 'ஜுஸ்த்' என்றால் சரியான எடையைக் காட்டுவது. 'ஃபிதேல்' என்றால் எத்தனை முறை வைத்தாலும் அதே எடையைக் காட்டுவது. துப்பாக்கிக்கும் இவை இரண்டும் வேண்டும்.

மணல் மூட்டைமேல் துப்பாக்கியைத் தாங்கி, 50 மீட்டரில் ஒரே குறிக்கு 5 குண்டு சுட வேண்டும். ஐந்தும் ஓரமாக, ஆனால் நெருக்கமாகப் பட்டால் கவலையில்லை. குறிபார்க்கும் பகுதியைத் திருத்தினால் போதும். சிதறினால்தான் வம்பு. முதலில் வேறு ரகத் தோட்டா போட்டுப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சோமனூர்த் தோட்டத்தில் செய்யக்கூடாதுங்க. .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகும். அதற்குள் எத்தனை வீடு, எத்தனை தறிக்குடோன்! அனுமதி பெற்ற சுடுதளம்தான் இடம்.

1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை நிறுத்திவிட்டன. மயில் பயிரைக் கொத்தினாலும் நாம் சுட முடியாது. பெயர்தான் வேட்டைத் துப்பாக்கி, சுடப்போவது அட்டையை. அதையாவது முறையாகச் சுடுவோம்.