பேரம் சரி, பணப்பை யார் கையில?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா ஏலம் எடுக்கறதைப் பாத்திருந்தா போதும், புரிஞ்சுடும். பயப்படாம வாங்க.

நூறு கம்ப்யூட்டர், ஆயிரம் வேலை. யாருக்கு முதல்ல? மேல ஒரு மேனேஜர் உக்காந்து சொல்றது ஒரு வழி. நமக்காகப் பேரம் பேச ஆளுக்கு ஒரு நிரலை அனுப்பி, அதுங்களே பேசி முடிச்சுக்கட்டும்னு விடறது இன்னொரு வழி. அந்த நிரலுக்குத்தான் 'ஏஜென்ட்'னு பேரு.

1980-ல ரீட் ஸ்மித் எழுதின 'கான்ட்ராக்ட் நெட்' நம்ம டெண்டர் முறையேதான். ஒரு கணினி வேலையை அறிவிக்கும், மத்ததெல்லாம் மனுப் போடும், பொருத்தமானதுக்கு வேலை போகும். 1992-ல ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துலேர்ந்து கட்டுரையா வந்த 'ஸ்பான்' இன்னும் ஒரு படி மேல. சும்மா கிடக்கற கம்ப்யூட்டரோட நேரத்தை மூடின ஏலத்துல விட்டாங்க. அதிகம் கேட்டவருக்கு நேரம் கிடைக்கும். ஆனா அவர் கட்ட வேண்டியது ரெண்டாவது ஆள் கேட்ட விலை! அதனால குறைச்சுக் கேட்டு ஏமாத்தறதுல லாபம் இல்லை, மனசுல இருக்கற மதிப்பையே சொல்லிடலாம். அழகான ஏற்பாடு.

இதைப் படிச்சுட்டு "ஆகா, நியாயத்தை மார்க்கெட்டே பாத்துக்கும்"னு கிளம்பறவங்களோடதான் எனக்குச் சண்டை. பேரம் எவ்வளவு நேர்மையா நடந்தாலும், ஜெயிக்கறது யாருன்னு பாதிக்கு மேல முடிவு பண்றது பை. ஏழை மாணவனோட ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்து என்ன?

இந்த விஷயத்துல பழைய ஆளுங்க தெளிவு. 1968-ல ஐவன் சதர்லண்ட் ஒரு கட்டுரை எழுதினார். ஹார்வர்டுல இருந்த பிடிபி-1 கம்ப்யூட்டர் நேரத்தை 'யென்'னு ஒரு விளையாட்டுக் காசு வெச்சு ஏலம் விட்ட கதை. வேலையோட முக்கியத்துவத்தைப் பாத்து ஆளுக்கு இவ்வளவு யென்னு கொடுத்தாங்க. உபயோகிச்சதும் காசு திரும்ப வந்துடும், சேத்து வெச்சுப் பெரிய பண்ணையார் ஆக முடியாது. யாருக்கு எவ்வளவுன்னு மனுஷங்கதான் முடிவு பண்ணினாங்க, அதை மறைக்கவும் இல்லை.

இந்தப் பக்கம் அமேசானைப் பாருங்க. 2009 டிசம்பர்ல மிச்சமிருக்கற கணினிகளை 'ஸ்பாட்'னு ஏலத்துல விட ஆரம்பிச்சாங்க. நாம கேட்ட விலையைச் சந்தை விலை தாண்டிட்டா கணினி பறிபோயிடும். 2017 கடைசியில முறையை மாத்திட்டாங்க. ஏலம் கேக்க வேண்டியதில்லை, விலை அவங்க சொல்றதுதான், மெதுவா ஏறி இறங்கும். தேவைன்னா ரெண்டு நிமிஷ நோட்டீஸ்ல இப்பவும் பிடுங்கிப்பாங்க. சந்தையை நடத்தறவர் நினைச்சா பேரமே காணாமப் போயிடும், பாத்தீங்களா?

அப்போ ஏலமே வேணாமான்னு கேப்பீங்க. வேணும். நாளைக்கே ரிசல்ட் வேணுங்கறவரையும், அடுத்த வாரம் ஓடினாப் போதும்ங்கறவரையும் வெறும் க்யூ பிரிச்சுப் பாக்காது, விலை பாக்கும். ஆனா பொதுப் பணத்துல வாங்கின கணினின்னா பையை யார், எந்தக் கணக்குல நிரப்பினாங்கன்னு எழுதி ஒட்டணும். மாசாமாசம் பை புதுசா நிரம்பணும், பழைய மிச்சம் காலாவதி ஆகணும்.

ஏஜென்ட்டோட புத்திசாலித்தனத்தைப் பத்தி அப்புறம் மெச்சிக்கலாம். மொதல்ல பையைப் பத்திப் பேசுவோம். மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து தாக்குங்க :-)